உடைந்தது திரை மட்டும்தானே!

நாளைக் காலை அனுப்ப வேண்டிய இடுபணி பாதியில் நிற்கிறது. மடிக்கணினியைத் திறக்கிறீர்கள். திரையின் ஒரு மூலையிலிருந்து சிலந்தி வலை போல விரிசல் ஓடுகிறது. நடுவில் மை கொட்டியது போன்ற கறுப்புக் கறை. பக்கத்தில் பச்சையும் ஊதாவுமாக நான்கைந்து கோடுகள். நேற்றிரவு யாரோ விசைப்பலகையின் மேல் பேனாவை வைத்துவிட்டு, கவனிக்காமல் மூடியை அழுத்தி மூடியிருக்கிறார்கள். அண்ணன், தங்கை, நீங்கள் என மூவருக்கும் சேர்த்து வீட்டில் இருப்பது அந்த ஒரே கணினிதான்.

“கணினி போச்சு!” என்பதுதான் வீட்டில் எழும் முதல் குரல். “புதுசு வாங்க எவ்வளவு ஆகும்?” என்பது அடுத்த குரல். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை இப்படித்தான் தொடங்குகிறது.

மாணவர்களே, கொஞ்சம் பொறுங்கள். கணக்குப் போடும் செயலி, நினைவகம், உங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருக்கும் வட்டு எல்லாமே விசைப்பலகைக்கு அடியில் இருக்கின்றன. மூடிக்குள் இருப்பவை திரை, கேமரா, சில மெல்லிய கம்பிகள் ஆகியவைதான். திரை உடைந்தால் கணினி உடைந்துவிட்டது என்று பொருளல்ல. பெரும்பாலான மடிக்கணினிகளில் திரையை மட்டும் தனியே கழற்றி மாற்றிவிடலாம். அதைப் பெரியவர் ஒருவரின் துணையோடு வீட்டிலேயே செய்யவும் முடியும்.

ஆனால் திருப்புளியைத் தேடி ஓடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. திரை என்பது என்ன? அது ஏன் உடைந்தது? உண்மையிலேயே உடைந்தது திரைதானா? இந்த மூன்றுக்கும் விடை தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

திரைக்குள் என்ன இருக்கிறது?

எல்சிடி திரை என்பது ஒரு கண்ணாடித் துண்டு அன்று. பல அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ரொட்டி போன்றது அது. அடியில் பின்னொளி இருக்கிறது. திரையின் ஓர் ஓரத்தில், பெரும்பாலும் கீழ் ஓரத்தில், வெள்ளை எல்இடி விளக்குகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். அவற்றின் ஒளியை ஒரு பிளாஸ்டிக் தகடு வாங்கி, திரை முழுவதும் சமமாகப் பரப்புகிறது.

அதற்கு மேலே இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகள். அவற்றுக்கு நடுவே திரவப் படிகம் நிரப்பப்பட்டிருக்கிறது. இந்தப் படிக அடுக்கின் தடிப்பு சில மைக்ரோமீட்டர்தான். உங்கள் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. கண்ணாடிகளின் இரு வெளிப்புறங்களிலும் போலராய்டு படலம் ஒட்டப்பட்டிருக்கும். ஒளி அலைகள் பல திசைகளில் அதிர்கின்றன. அவற்றுள் ஒரு திசையில் அதிர்பவற்றை மட்டும் இந்தப் படலம் உள்ளே விடும், மற்றவற்றைத் தடுத்துவிடும்.

இரண்டு படலங்களையும் ஒன்றுக்கொன்று குறுக்காக, 90 பாகையில் வைத்தால் என்ன ஆகும்? முதல் படலத்தைத் தாண்டிய ஒளியை இரண்டாவது படலம் தடுத்துவிடும். திரை கறுப்பாகத் தெரியும். இங்கேதான் திரவப் படிகம் வேலை செய்கிறது. நடுவில் இருக்கும் படிக மூலக்கூறுகள் முறுக்கிய கயிறு போல அடுக்கப்பட்டிருந்தால், அவற்றினூடே செல்லும் ஒளியின் அதிர்வுத் திசையும் 90 பாகை திரும்புகிறது. ஒளி இரண்டாவது படலத்தையும் தாண்டி வெளியே வருகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும், முறுக்கு அவிழும், ஒளி தடைப்படும். மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைத்தால் ஒளியும் குறைந்து கூடும். இப்போது அதிகம் விற்பனையாகும் ஐபிஎஸ் வகைத் திரைகளில் மூலக்கூறுகள் அசையும் விதம் வேறு. ஆனால் மின்னழுத்தத்தால் படிகத்தைத் திருப்பி ஒளியைக் கட்டுப்படுத்தும் கோட்பாடு ஒன்றுதான்.

இந்தக் கதவுகள் ஒரு திரையில் எத்தனை இருக்கும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அகலத்தில் 1,920 புள்ளிகள், உயரத்தில் 1,080 புள்ளிகள். பெருக்கினால் 2,073,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பகுதிகள். ஆக மொத்தம் 6,220,800 கதவுகள்! ஒவ்வொன்றையும் திறந்து மூடக் கண்ணாடியின் மீதே ஒரு நுண்ணிய டிரான்சிஸ்டர் படியவைக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவுக்கும் அடித்தளமான திரவப் படிகத்தை முதலில் கவனித்தவர் ஒரு தாவரவியலாளர். ஆஸ்திரியாவைச் சேர்ந்த பிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டில் இருந்து எடுத்த ஒரு பொருளை 1888-இல் ஆராய்ந்துகொண்டிருந்தார். அது 145.5 பாகை செல்சியஸில் உருகிக் கலங்கலான திரவமாக மாறியது. வெப்பத்தைக் கூட்டியபோது 178.5 பாகையில் திடீரெனத் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என்று அவர் வியந்தார். திரவம் போல ஓடினாலும் படிகம் போல மூலக்கூறுகள் ஒழுங்காக நிற்கும் புதிய நிலை அது. நீண்ட காலம் அது ஆய்வுக்கூட வேடிக்கையாகவே இருந்தது. சுவிட்சர்லாந்தில் ஹோஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் பணியாற்றிய மார்ட்டின் ஷாட், வொல்ஃப்காங் ஹெல்ஃப்ரிச் இருவரும் 1970-இல் முறுக்குப் படிக முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் அது கைக்கடிகாரத்துக்கும் கணிப்பானுக்கும் வந்தது. பின்னர் உங்கள் மேசைக்கும் வந்து சேர்ந்தது.

கறையும் கோடும் சொல்லும் செய்தி

இப்போது உடைந்த திரையைப் பார்ப்போம். அந்தக் கறுப்புக் கறை மை அன்று. கண்ணாடி விரிசல் கண்டதும் உள்ளே இருந்த திரவப் படிகம் இடம் மாறிவிடுகிறது, காற்றும் புகுந்துவிடுகிறது. மூலக்கூறுகளின் ஒழுங்கு குலைந்த இடத்தில் ஒளியைக் கட்டுப்படுத்த முடியாது. அதனால் அங்கே கறையாகத் தெரிகிறது.

விரிசல் மூலையில்தான் இருக்கிறது. ஆனால் கோடு மட்டும் திரையின் மேலிருந்து கீழ்வரை ஓடுகிறதே, ஏன்? உங்கள் தாமானில் வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டு செல்லும் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வீட்டருகே குழாய் உடைந்தால் கடைசி வீடு வரைக்கும் தண்ணீர் வராது. திரையிலும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு நுண்கம்பி, ஒவ்வொரு கிடைவரிசைக்கும் ஒரு நுண்கம்பி. அவை ஓரத்தில் இருந்து புறப்படுகின்றன. இடையில் அறுந்தால் அதற்கு அப்பால் உள்ள புள்ளிகளுக்குச் சமிக்ஞை போய்ச் சேராது.

இந்தக் கம்பிகள் நம் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியவை. ஆகவே பசை போட்டு ஒட்டித் திரையைச் சரிசெய்ய இயலாது. முழுத் திரைப் பலகையையும் மாற்றுவதுதான் ஒரே வழி.

சின்னப் பேனா எப்படி உடைத்தது?

இதற்கு விடை உங்கள் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது. மடிக்கணினியின் மூடி ஒரு நெம்புகோல். கீல்தான் அதன் சுழலிடம். கீலில் இருந்து 22 சென்டிமீட்டர் தள்ளி, மூடியின் முன் ஓரத்தை 20 நியூட்டன் விசையோடு அழுத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பேனா கீலில் இருந்து 4 சென்டிமீட்டர் தொலைவில் கிடக்கிறது. விசையையும் தொலைவையும் பெருக்குங்கள்: 20 × 22 = 440. அதை 4-ஆல் வகுங்கள்: 110 நியூட்டன். ஏறக்குறைய 11 கிலோ எடையுள்ள பொருளைத் திரையின் ஒரே இடத்தில் வைத்ததற்கு இது சமம்!

அந்த விசையும் பேனாவின் மெல்லிய முதுகில் குவிகிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பளவால் வகுத்துக் கிடைப்பது அல்லவா? பரப்பளவு குறையக் குறைய அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். கண்ணாடி நசுக்கும் விசையை நன்றாகத் தாங்கும். வளைத்து இழுக்கும் விசையைத் தாங்காது. கண்ணாடி உடைவது அதன் மேற்பரப்பில் உள்ள, கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல்களில் இருந்துதான் என்பதை ஆங்கிலேயப் பொறியாளர் ஏ. ஏ. கிரிஃபித் 1921-இல் விளக்கினார். கீறலின் நுனியில் விசை குவிகிறது, விரிசல் நீள்கிறது, நீண்ட விரிசல் இன்னும் எளிதாக நீள்கிறது. நேற்று மூலையில் இருந்த விரிசல் இன்று நடுவுக்கு வந்திருப்பதன் காரணம் இதுவே.

இந்தப் பாடத்தை மறக்காதீர்கள். பழைய திரையை உடைத்த அதே நெம்புகோலும் அதே அழுத்தமும், நீங்கள் கவனக்குறைவாக இருந்தால், புதிய திரையையும் உடைத்துவிடும்.

கழற்றுமுன் கண்டறியுங்கள்

மருத்துவர் மருந்து எழுதுவதற்கு முன் நோயைக் கண்டறிகிறார். நாமும் அப்படித்தான் செய்ய வேண்டும். படம் தெரியவில்லை என்பது நோயின் அறிகுறி மட்டுமே. அதற்குத் திரை, திரையின் கேபிள், பின்னொளி, தாய்ப்பலகை என நான்கு காரணங்கள் இருக்கலாம். ஆய்வுக்கூடத்தில் கருதுகோளைச் சோதிப்பது போல ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

முதல் சோதனை: மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பி வழியாக வீட்டுத் தொலைக்காட்சியோடு இணையுங்கள். விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தினால் படத்தை எங்கே காட்டுவது என்று தேர்ந்தெடுக்கலாம். தொலைக்காட்சியில் படம் தெளிவாக வந்தால் செயலியும் தாய்ப்பலகையும் பெரும்பாலும் நலம். அங்கேயும் படம் கலங்கலாக வந்தால் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. புதுத் திரை வாங்கினால் பணம் வீண். இந்தச் சோதனையில் இன்னொரு நன்மையும் உண்டு. இன்றிரவே தொலைக்காட்சியைத் திரையாக வைத்து இடுபணியை முடித்து அனுப்பிவிடலாம். கோப்புகளையும் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது சோதனை: திரையில் விரிசலே இல்லை, ஆனால் முழுக்க இருண்டிருக்கிறது என்றால், கைவிளக்கைத் திரைக்கு அருகே சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். மங்கலாகப் படம் தெரிகிறதா? அப்படியானால் படிகக் கதவுகள் வேலை செய்கின்றன, பின்னொளிதான் எரியவில்லை.

மூன்றாவது சோதனை: மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசையுங்கள். அசைக்கும்போது படம் வந்து வந்து போனால் கீல் வழியாகச் செல்லும் கேபிள் தேய்ந்திருக்கலாம். கேபிளின் விலை திரையின் விலையைவிடக் குறைவு.

விரிசலும் கறையும் கண்ணுக்கே தெரிகின்றன, தொலைக்காட்சியில் படம் நன்றாக வருகிறது என்றால் முடிவு உறுதி. உடைந்தது திரைதான்.

எப்போது கை வைக்கக் கூடாது?

உத்தரவாதக் காலம் முடியாத கணினியை நீங்களாகத் திறக்காதீர்கள். பள்ளி கொடுத்த கணினியையும், அம்மா அப்பாவின் அலுவலகத்துக்குச் சொந்தமான கணினியையும் தொடவே கூடாது. தொடுதிரை உள்ள சில கணினிகளில் மேல்கண்ணாடி திரையோடு பசையால் ஒட்டப்பட்டிருக்கும். மெக்புக் கணினிகளில் பொதுவாக மூடியை முழுதாகவே மாற்ற வேண்டியிருக்கும். இவை வீட்டு மேசையில் செய்யும் வேலைகள் அல்ல. எல்இடி வருவதற்கு முந்திய மிகப் பழைய கணினிகளின் பின்னொளிக் குழல் பல நூறு வோல்ட்டில் இயங்கும், அதையும் விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. கணினியின் அடிப்பாகம் உப்பியிருந்தாலோ, மேசையில் வைத்தால் ஆடினாலோ உள்ளே பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அதைக் குத்தினாலும் வளைத்தாலும் தீப்பிடிக்கலாம். உடனே அணைத்து, மின்னேற்றாமல், பெரியவரிடம் சொல்லிக் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பழைய திரையைக் கழற்றுதல்

உங்கள் கணினியின் மாதிரி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். டெல், எச்பி, லெனோவோ போன்ற நிறுவனங்கள் தங்கள் கணினிகளைப் பிரிக்கும் முறையை விளக்கும் கையேடுகளை இணையத்தில் இலவசமாக வெளியிடுகின்றன. மாதிரிக்கு மாதிரி திருகாணி இருக்கும் இடம் மாறும். கையேட்டை ஒருமுறை முழுதாகப் படித்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

தேவையானவை சில பொருள்களே: சிறிய நட்சத்திரத் திருப்புளி, நெம்புவதற்கு மெல்லிய பிளாஸ்டிக் அட்டை அல்லது கித்தார் மீட்டும் வில்லை, மென்மையான துணி, ஒட்டுநாடா, பாதுகாப்புக் கண்ணாடி, திருகாணிகளைப் போட்டுவைக்கப் பனிக்கட்டித் தட்டு. ஒவ்வொரு குழியிலும் ஒவ்வோர் இடத்துத் திருகாணி. நீளமான திருகாணியைக் குட்டையான துளையில் முடுக்கினால் அது மறுபுறம் உள்ள பகுதியைக் குத்திவிடும். ஆகையால் கலந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டால் திரும்பப் பூட்டுவது சுலபம்.

முதலில் விரிசல்மீது ஒட்டுநாடாவை ஒட்டிவிடுங்கள். கண்ணாடித் துகள் சிதறாது. பிறகு கணினியை முழுமையாக அணைத்து, மின்னேற்றியைக் கழற்றுங்கள். அடுத்து, அடிமூடியைத் திறந்து பேட்டரியின் இணைப்பையும் எடுத்துவிடுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகவே கூடாது. கணினி அணைந்திருந்தாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை திரைக்குச் செல்லும் பாதையில் மின்னழுத்தம் இருக்கலாம். அந்த நிலையில் இணைப்பானைக் கோணலாக இழுத்தால் பக்கத்துப் பக்கத்து முனைகள் தொட்டுக்கொண்டு, தாய்ப்பலகையில் உள்ள பின்னொளிக்கான சிறு உருகி எரிந்துவிடும். அப்புறம் புதிய திரை போட்டாலும் இருட்டாகவே இருக்கும்.

நிலைமின்னையும் மறக்காதீர்கள். நம் விரலில் இருந்து பாயும் நிலைமின்னை நாம் உணர ஏறக்குறைய 3,000 வோல்ட் தேவை. நுண்மின் பாகங்கள் பழுதாக அதைவிட மிகக் குறைந்த அளவே போதும். கம்பளத்தின்மேல் உட்கார்ந்து வேலை செய்யாதீர்கள். தொடங்கும் முன் தண்ணீர்க் குழாய் போன்ற உலோகப் பொருளை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது திரையைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம். சில கணினிகளில் அதன் மூலைகளில் சிறு ரப்பர் மூடிகள் இருக்கும். அவற்றுக்கு அடியில் திருகாணிகள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்த பிறகு, பிளாஸ்டிக் அட்டையைச் சட்டத்தின் உள் ஓரத்தில் செருகி மெல்ல நெம்புங்கள். ‘டக் டக்’ என்று கொக்கிகள் விடுபடும் ஓசை கேட்கும். பயப்பட வேண்டாம். உலோகத் திருப்புளியால் மட்டும் நெம்பாதீர்கள். 20 நியூட்டன் விசை 2 சதுரச் சென்டிமீட்டர் பரப்பில் பட்டால் அழுத்தம் 100,000 பாஸ்கல். அதே விசை திருப்புளி முனையின் 2 சதுர மில்லிமீட்டரில் பட்டால் 10,000,000 பாஸ்கல். நூறு மடங்கு!

சட்டம் வந்ததும் திரை தெரியும். பல கணினிகளில் நான்கு மூலைகளிலும் திருகாணி இருக்கும். புதிய மாதிரிகள் சிலவற்றில் திருகாணிக்குப் பதிலாக, திரைக்குப் பின்னால் இழுத்தால் நீளும் ஒட்டுநாடாக்கள் இருக்கும். அவற்றைப் பக்கவாட்டில் மெதுவாக உருவி எடுக்க வேண்டும். விசைப்பலகையின்மேல் துணியை விரித்து, திரையை அதன்மேல் குப்புறச் சாயுங்கள். முழுதாகத் தூக்கிவிடாதீர்கள், பின்புறம் கேபிள் இன்னும் இணைந்திருக்கிறது. இணைப்பான்மேல் உள்ள நாடாவை உரித்து, மெல்லிய உலோகக் கொக்கி இருந்தால் அதை நிமிர்த்தி, கேபிளைத் திரைக்கு இணையாக நேராக இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் முனைகள் வளைந்துவிடும்.

விரிசல் கண்ட திரையில் இருந்து கசியும் திரவம் கையில் பட்டால் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிவிடுங்கள். கண்ணிலோ வாயிலோ படக்கூடாது.

பொருத்தமான திரையை வாங்குதல்

பழைய திரையின் முதுகில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அதில் உள்ள எண்தான் உங்கள் திரையின் அடையாள அட்டை. ஒரே மாதிரிக் கணினியிலும் வெவ்வேறு தயாரிப்பாளர்களின் திரைகள் பொருத்தப்பட்டிருக்கலாம். அதனால் கணினியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காமல், இந்தச் சீட்டைப் படம் எடுத்துக் கடைசி எழுத்துவரை ஒப்பிட்டு வாங்குங்கள். பல திரைகளின் எண்ணில் 156 என்ற இலக்கங்கள் வரும், அது 15.6 அங்குலத்தைக் குறிக்கும். சரிபார்க்க வேண்டுமா? திரையின் அகலம் 34.4 சென்டிமீட்டர், உயரம் 19.4 சென்டிமீட்டர் என்றால் பைத்தாகரஸ் தேற்றப்படி மூலைவிட்டம் ஏறக்குறைய 39.5 சென்டிமீட்டர். அதை 2.54-ஆல் வகுத்தால் 15.6-ஐ ஒட்டி வரும்.

அளவு ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. புள்ளிகளின் எண்ணிக்கை, இணைப்பானில் உள்ள முனைகளின் எண்ணிக்கை, அது இருக்கும் இடம், பக்கங்களில் திருகாணிக் காதுகள் உண்டா இல்லையா, தொடுதிரையா இல்லையா ஆகிய எல்லாமே பொருந்த வேண்டும். முனைகள் 30 உள்ள கேபிள் 40 முனைத் திரையில் பொருந்தாது. கோலாலம்பூர் லோயாட் பிளாசா போன்ற கணினிக் கடைத்தொகுதிகளிலும் இணையக் கடைகளிலும் திரைகள் தனியே கிடைக்கின்றன. உத்தரவாதம் எத்தனை நாள், பழுதாக வந்தால் மாற்றித் தருவார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். புதியது வந்து சேரும்வரை பழைய திரையையே திரும்பப் பூட்டி வைத்தால் திருகாணியும் தொலையாது, தூசியும் புகாது.

புதிய திரையைப் பொருத்துதல்

பொருத்துவது என்பது கழற்றிய வரிசையைத் தலைகீழாகச் செய்வதுதான். பேட்டரி இணைப்பு எடுக்கப்பட்டிருக்கிறதா என்று மறுபடியும் பாருங்கள். புதிய திரையை ஓரங்களில் மட்டும் பிடித்துத் தூக்குங்கள்; நடுவில் விரல் வைத்து அழுத்தாதீர்கள். கேபிளை நேராகச் செருகி, கொக்கியை மடித்து, நாடாவை ஒட்டுங்கள்.

இனிதான் பொறுமை தேவை. பிளாஸ்டிக் சட்டத்தை உடனே மாட்ட வேண்டாம். திரைமேல் உள்ள பாதுகாப்புத் தாளையும் உரிக்க வேண்டாம். திரையைத் திருகாணியாலோ ஒட்டுநாடாவாலோ நிலைநிறுத்தி, பேட்டரியை இணைத்து, கணினியை முடுக்கிப் பாருங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து நிறப் படங்களைத் திரை முழுவதும் காட்டி, எங்காவது ஒரு புள்ளி அணைந்தோ ஒட்டிக்கொண்டோ நிற்கிறதா என்று தேடுங்கள். ஆறு மில்லியன் கதவுகளையும் சோதிக்க இந்த ஐந்து நிறங்கள் போதும். எல்லாம் சரியென்றால் கணினியை அணைத்து, பேட்டரி இணைப்பை மீண்டும் எடுத்துவிட்டுச் சட்டத்தை மாட்டுங்கள். கொக்கிகளை விரலால் ஓரத்தில் மட்டும் அழுத்தினால் போதும். கடைசியில் பேட்டரியை இணைத்து அடிமூடியைப் பூட்டுங்கள்.

ஒருவேளை படம் வராவிட்டால் புதிய திரையைக் குறைசொல்வதற்கு முன் எல்லா மின்னிணைப்பையும் துண்டித்துவிட்டு, கேபிள் கோணலாகச் செருகப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பதறாத காரியம் சிதறாது.

பழைய திரை எங்கே போக வேண்டும்?

உடைந்த திரையைக் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். அதில் கண்ணாடித் துகளும், மின்சுற்றும், திரையின் ஒளிபுகும் மின்வாயில் பயன்படும் இண்டியம் என்ற அரிய உலோகமும் இருக்கின்றன. மலேசியாவில் மின்கழிவு, 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அட்டவணையிடப்பட்ட கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. தடித்த தாளில் சுற்றி, மின்கழிவுச் சேகரிப்பு மையத்தில் ஒப்படையுங்கள்.

உலக மின்கழிவு பற்றி ஐக்கிய நாட்டு அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2022-ஆம் ஆண்டில் மட்டும் 62 மில்லியன் டன் மின்கழிவு சேர்ந்ததாகக் கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடு மட்டுமே. நல்ல நிலையில் இருக்கும் செயலியையும் நினைவகத்தையும், உடைந்த ஒரு கண்ணாடிக்காகத் தூக்கிப் போடும்போது அந்தக் குவியலில் நாமும் ஒரு கை சேர்க்கிறோம். ஒரு மடிக்கணினி அதன் வாழ்நாளில் ஏற்படுத்தும் கரிம வெளியேற்றத்தில் பெரும்பங்கு அதைத் தயாரிக்கும்போதே நடந்துவிடுகிறது. ஆகவே இருப்பதை இன்னும் சில ஆண்டுகள் பயன்படுத்துவதே பெரிய சேமிப்பு.

எல்லாரும் திருப்புளி எடுக்க வேண்டும் என்பதில்லை. வீட்டில் துணைக்குப் பெரியவர் இல்லை, கணினியின் அமைப்பு சிக்கலானது என்றால் கடைக்கே கொண்டு போங்கள். ஆனால் போகும்போது, “கணினி கெட்டுப்போச்சு, பாருங்க” என்று சொல்லாதீர்கள். “தொலைக்காட்சியில் இணைத்தால் படம் நன்றாக வருகிறது, அண்ணே. திரை மட்டும்தான் உடைந்திருக்கிறது. அதை மாற்ற எவ்வளவு?” என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி, புதுக் கணினி வாங்கும் செலவில் இருந்து உங்கள் குடும்பத்தைக் காப்பாற்றக்கூடும்.

இந்த வாரம் வீட்டில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். போலராய்டு கறுப்புக் கண்ணாடி கிடைத்தால் அதை மடிக்கணினித் திரைக்கு முன்னால் பிடித்து மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு கோணத்தில் திரை இருண்டு, மேலும் சுழற்றினால் மறுபடி ஒளிரும். ஏன் என்று உங்களால் இப்போது தங்கைக்கு விளக்க முடியும். விளக்கிய பிறகு, விசைப்பலகையின்மேல் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடியை மூடச் சொல்லுங்கள்.